பள்ளிக்கூடத்துக்குப் பாம்பு, பஞ்சவர்ணக்கிளியைக் கொண்டுவந்து காட்டலாமா? சட்டம் என்ன சொல்கிறது, குழந்தைகளுக்கு எது நல்லது?

கிணத்துக்கடவு பக்கம் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விழாவுக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது. தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் வருகிறது.

"சார், பாம்பு, பஞ்சவர்ணக்கிளி, பெரிய ஓணான்... எல்லாம் நாங்களே கொண்டாந்துருவமுங்க. பசங்க கையில தூக்கிப் பாக்கலாமுங்க, போட்டோ எடுத்துக்கலாமுங்க. ஒண்ணும் பண்ணாதுங்க. வனவிலங்கு விழிப்புணர்வுன்னு போர்டு வெச்சுக்கலாமுங்க."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெற்றோரும் "பையனுக்குப் பயம் போகட்டுமுங்க" என்பார்கள். புத்தகத்தில் படம் பார்ப்பதைவிட உயிரோடு பார்த்தால் பிள்ளைகள் மனதில் பதியும் என்று ஆசிரியர்களும் நினைப்பார்கள். மாற்றுத்திறனாளி குழந்தைகள் படிக்கும் சிறப்புப் பள்ளிகள், முதியோர் இல்லங்களுக்கும் "மனசுக்கு ஆறுதல்" என்ற பெயரில் இப்படி விலங்குகளைக் கொண்டுபோகும் யோசனை வருகிறது.

ஆனால், எந்த விலங்கு, யார் கொண்டுவருகிறார்கள், யார் அனுமதி கொடுத்தது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் சரி என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• நம் நாட்டுக் காட்டு விலங்குகளை, பாம்பு உட்பட, அனுமதி இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். "கல்விக்காக" என்பது தானாகவே கிடைக்கும் விலக்கு அல்ல.

• வெளிநாட்டு உயிரினங்களுக்கும் இப்போது பதிவு கட்டாயம்.

• மனநலம், சிகிச்சை சார்ந்த பணிகளுக்கு நாய், குதிரை போன்ற வளர்ப்பு விலங்குகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டுதல்.

• கோவை, பொள்ளாச்சி வட்டாரத்தில் விலங்குகளை அவை இருக்கும் இடத்திலேயே பார்க்க நிறைய வழிகள் இருக்கின்றன.

இரண்டும் ஒன்றல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உயிருள்ள விலங்கை மக்களிடம் கொண்டுபோவதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன.

ஒன்று, வனவிலங்குக் கல்வி. பாம்பு, ஆந்தை, ஆமை போன்றவற்றைக் காட்டி "இதைக் கொல்லாதீர்கள்" என்று சொல்வது. வெளிநாட்டு உயிரியல் பூங்காக்களில் இப்படிப் பழக்கப்பட்ட விலங்குகளை 'தூதர் விலங்குகள்' என்றே அழைக்கிறார்கள்.

இன்னொன்று, விலங்குத் துணையுடன் சிகிச்சை. ஆட்டிசம் உள்ள குழந்தை, படுத்த படுக்கையான நோயாளி, தனிமையில் வாடும் முதியவர் போன்றவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஒரு விலங்கின் அருகாமையைக் கொடுப்பது.

இரண்டுக்கும் சட்டம் வேறு, விலங்கு வேறு, பயிற்சி வேறு. ஒரே வேனில் பாம்பையும் முயலையும் ஏற்றிக்கொண்டு வந்து "கல்வியும் ஆச்சு, தெரபியும் ஆச்சு" என்று சொல்வதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

நம்ம ஊர் விலங்கு என்றால் சட்டம் என்ன?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. இதில் பெரிய திருத்தம் 2022-ல் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் துப்பாக்கியால் சுடுவது மட்டும் பொருள் அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது எல்லாமே வேட்டைதான். ஆகவே தோட்டத்தில் வந்த சாரைப்பாம்பைப் பிடித்து டப்பாவில் போட்டு, மறுநாள் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டுவதும் சட்டத்தின் பார்வையில் சாதாரண விஷயம் இல்லை.

நாகப்பாம்பு, மயில், நட்சத்திர ஆமை ஆகியவை அட்டவணை 1-ல் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே உச்சபட்ச பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. அட்டவணை 1-ல் உள்ள விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். சட்டத்தின் மற்ற பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நம் வீட்டுத் திண்ணைகளில் கூண்டில் தொங்கும் பச்சைக்கிளியும் பாதுகாக்கப்பட்ட பறவைதான். "காலங்காலமா வளக்கறமுங்க" என்பது சட்டத்தின் முன் நிற்காது.

"கல்விக்காகத்தானே கொண்டுவர்றோம்?"

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சட்டத்தில் கல்விக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பிரிவு 12-ன்படி சிறப்பு நோக்கங்களுக்காக விலங்குகளைப் பிடிக்க அனுமதி கொடுக்கலாம். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதே கல்விதான். அறிவியல் ஆராய்ச்சி, உயிர்காக்கும் மருந்து தயாரிக்கப் பாம்பு விஷம் எடுப்பது ஆகியவையும் அதில் வருகின்றன.

ஆனால் அந்த அனுமதியை எழுத்துபூர்வமாகக் கொடுக்க வேண்டியவர் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர். அட்டவணை 1 விலங்கு என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். அமைப்பாளரோ, தெரிந்த வனத்துறை ஊழியரோ வாய்வார்த்தையாகச் சொல்வது அனுமதி ஆகாது.

இது எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு மகாராஷ்டிராவே உதாரணம். சாங்லி மாவட்டம் பத்தீஸ் ஷிராளாவில் நாகபஞ்சமிக்கு உயிருள்ள நாகங்களைப் பிடித்து வழிபடும் வழக்கம் இருந்தது. நீதிமன்றத் தலையீட்டால் அது நின்றது. 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 21 நாகங்களைப் பிடிக்க அனுமதித்தது. அதுவும் இளைஞர்களுக்குப் பாரம்பரிய அறிவைக் கற்றுக்கொடுக்கும் கல்வி நோக்கத்துக்காக மட்டும். பொழுதுபோக்கு, போட்டி எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டது. ஓர் ஊரே பல ஆண்டு போராடிப் பெற்ற அனுமதியே இவ்வளவுதான்.

பக்கத்து மாநிலமான கேரளாவில் 2022 இறுதியில் இன்னொரு சம்பவம் நடந்தது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்த கருத்தரங்கில், பிரபல பாம்பு மீட்பாளர் ஒருவர் உயிருள்ள பாம்புகளைக் காட்டி வகுப்பு எடுத்தார். கேட்டவர்கள் எல்லோரும் மருத்துவத் துறையினர், நோக்கம் விழிப்புணர்வு. ஆனாலும் வனத்துறை வழக்குப் பதிவு செய்தது.

பைத்தான், மக்காவ், இகுவானா என்றால் பரவாயில்லையா?

"இது நம்ம நாட்டுப் பாம்பே இல்லீங்க, வெளிநாட்டு பைத்தான். இதுக்குச் சட்டமே கிடையாது" என்று சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஓரளவுக்கு அது உண்மையாகவே இருந்தது. இப்போது இல்லை.

2022 திருத்தத்தில் புதிதாக அட்டவணை 4 சேர்க்கப்பட்டது. அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்கள் இதில் வருகின்றன. பால் பைத்தான், பச்சை இகுவானா, மக்காவ் கிளிகள் எல்லாம் இந்தப் பட்டியலில் அடக்கம்.

2024 பிப்ரவரி 28-ம் தேதி இதற்கான விதிகள் வெளியாகின. இவற்றை வைத்திருப்பவர்கள் 6 மாதத்துக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று காலக்கெடு கொடுக்கப்பட்டது. குட்டி போட்டாலும், இறந்தாலும், வேறு ஆளுக்குக் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

எனவே ஒருவர் இகுவானாவோடு பள்ளி வாசலில் நின்றால், கேட்க வேண்டிய முதல் காகிதம் அந்தப் பதிவுச் சான்று.

நடமாடும் மிருகக்காட்சி நடத்தலாமா?

சட்டத்தில் 'உயிரியல் பூங்கா' என்பதற்கு உள்ள விளக்கத்தில் ஒரு சுவாரசியமான வார்த்தை இருக்கிறது. ஓரிடத்தில் நிலையாக இருந்தாலும் சரி, நடமாடினாலும் சரி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளை அடைத்துவைத்து மக்களுக்குக் காட்டினால் அது உயிரியல் பூங்காதான். மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் அதை நடத்த முடியாது.

அந்த அங்கீகாரம் எவ்வளவு கடினம் என்பது கோவைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 1965 முதல் மாநகராட்சி நடத்திவந்த வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை 2022-ல் ஆணையம் ரத்து செய்தது. நகரின் நடுவே சில ஏக்கர் இடத்தில் இருந்த பூங்காவில், விலங்குகளுக்கான விதிமுறைகளின்படி போதிய இடம் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கோவைப் பிள்ளைகள் மான் பார்த்த இடம் அது. கூண்டும் மருத்துவரும் பராமரிப்பாளரும் இருந்த ஒரு மாநகராட்சிப் பூங்காவுக்கே இதுதான் நிலை என்றால், வேனில் பெட்டி அடுக்கிக்கொண்டு வருபவர்களின் நிலை என்ன?

இதுதவிர, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 இருக்கிறது. கட்டணம் வாங்கும் நிகழ்ச்சியில் விலங்குகளைக் காட்சிப்படுத்தவோ வித்தை காட்டப் பழக்கவோ பதிவு வேண்டும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை அப்படிப் பயன்படுத்தவே தடை.

பழகிய விலங்கு வேறு, வளர்ப்பு விலங்கு வேறு

"குட்டியில இருந்து நானே வளர்த்தது, பழகிடுச்சு" என்று சொல்வதை அடிக்கடி கேட்கலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

நாய் மனிதனோடு வாழ ஆரம்பித்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. தலைமுறை தலைமுறையாக மனிதர்களோடு ஒத்துப்போகும் குணமுள்ளவை தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த இனம் அது. மாடு, ஆடு, குதிரையும் அப்படித்தான். இவை வளர்ப்பு விலங்குகள்.

காட்டிலிருந்து பிடித்த யானையோ, கூண்டில் பிறந்த பாம்போ அப்படி இல்லை. அந்த ஒரு விலங்கு பழகியிருக்கலாம். அதன் இனம் பழகவில்லை. 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் பாகன் உட்பட 2 பேர் இறந்தனர். ஆண்டுக்கணக்கில் பக்தர்களுக்கு நடுவே வாழ்ந்த யானை அது.

இன்னொரு சிக்கல், காட்டு விலங்கு பயப்படும்போது அது நமக்குத் தெரியாது. கையில் பிடித்த பாம்பு அசையாமல் இருந்தால் "அமைதியா இருக்கு" என்று நினைக்கிறோம். தப்பிக்க வழியில்லாததால்கூட அது அப்படியே கிடக்கலாம். பகலில் தூங்க வேண்டிய ஆந்தையை வெளிச்சத்தில் உட்கார வைத்தால் அது கண்ணை மூடிக்கொள்வதை "சொக்கிப் போச்சு" என்கிறோம்.

இணையத்தில் ஏராளமானோர் ரசித்த ஒரு வீடியோ உண்டு. தென்கிழக்கு ஆசியாவின் தேவாங்கு வகை ஒன்றுக்குக் கிச்சுக்கிச்சு மூட்ட, அது இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்குக் கொஞ்சுவதுபோல் தெரிந்தது. உண்மையில் அது தற்காப்பு நிலை. அந்த இனத்துக்கு முழங்கைப் பக்கத்தில் நச்சுச் சுரப்பி இருக்கிறது. கையைத் தூக்குவது அதை வாயால் எட்டுவதற்காக. குழந்தைகளுக்கு அந்த வீடியோ கற்றுக்கொடுத்தது விலங்கின் பயத்தைச் சிரிப்பாகப் பார்ப்பதைத்தான்.

மனித-விலங்கு உறவு அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பு 2014-ல் ஒரு வழிகாட்டு ஆவணம் வெளியிட்டு, 2018-ல் அதைத் திருத்தியது. விலங்குத் துணைச் சிகிச்சையில் வளர்ப்பு விலங்குகளை மட்டுமே ஈடுபடுத்த வேண்டும், காட்டு விலங்குகளைப் பழக்கப்பட்டவையாக இருந்தாலும் ஈடுபடுத்தக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். டால்பின்களை வைத்துச் சிகிச்சை என்று சில நாடுகளில் நடப்பதற்கு இந்தியாவில் வாய்ப்பே இல்லை. டால்பின் காட்சியகங்களுக்கு 2013 மே மாதமே மத்திய அரசு தடை போட்டுவிட்டது.

கையில் தொட்டால் என்ன நோய் வரும்?

பாம்பு, ஆமை, இகுவானா போன்ற ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா பாக்டீரியா சகஜமாக இருக்கும். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. தொட்ட கையோடு தின்பண்டம் சாப்பிடும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரலாம். 5 வயதுக்குக் குறைவான குழந்தைகள் ஊர்வனவற்றைத் தொடவே வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

கிளி இனப் பறவைகளின் எச்சத் தூசியிலிருந்து சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் தொற்று வரலாம். ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டியைத் தொட்டாலும் சோப்பு போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும். நாய், பூனை என்றால் ரேபிஸ் தடுப்பூசி போட்டிருப்பது அடிப்படை. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் இடத்தில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

"பயம் போகட்டும்" என்பது சரியா?

இந்தக் கேள்விக்குக் கிணத்துக்கடவு மாதிரியான ஊரில் தனி முக்கியத்துவம் இருக்கிறது. சுற்றிலும் தென்னந்தோப்பு, தக்காளிக் காடு, மாட்டுச்சாளை. மட்டை குவிந்த இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் பாம்பு. இங்கே பிள்ளைகள் பாம்பைப் படத்தில் பார்ப்பதைவிட வரப்பில் பார்ப்பதுதான் அதிகம்.

2020-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

மேடையில் ஒருவர் நாகத்தைத் தூக்கி, "பாத்தீங்களா, ஒண்ணும் பண்ணாது" என்று காட்டினால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் 9 வயதுப் பையன் மனதில் பதிவது என்ன? பாம்பைக் கொல்லக் கூடாது என்பதா, பாம்பைப் பிடிக்கலாம் என்பதா? அடுத்த வாரம் தோப்பில் ஒரு விரியனைப் பார்க்கும்போதுதான் அதற்கு விடை தெரியும். பயம் போவது நல்லதுதான். எச்சரிக்கை போய்விடக் கூடாது.

கைதேர்ந்தவர்களுக்கே இதில் உத்தரவாதம் இல்லை. 2025 மார்ச் மாதம் கோவையில் பல ஆண்டு அனுபவமுள்ள பாம்பு மீட்பாளர் ஒருவர் நாகம் கடித்து உயிரிழந்தார்.

ஆக, கிராமத்துப் பள்ளியில் பாம்பு பற்றிய வகுப்பு கட்டாயம் வேண்டும். அதற்கு உயிருள்ள பாம்பு வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பெரிய படத்தில் அடையாளம் காட்டலாம். ரப்பர் மாதிரிகள் வைக்கலாம். இருட்டில் டார்ச் இல்லாமல் போகாதே, மட்டைக் குவியலில் கைவிடாதே என்று சொல்லலாம். கடித்தால் கட்டுப்போடாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே, அசையாமல் இரு, உடனே 108-க்கு போன் செய்து விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போ என்று பழக்கலாம். ஓர் உயிரைக் காப்பாற்றுவது இந்த ஐந்து நிமிடப் பாடம்தான்.

சிகிச்சைக்கு விலங்கு: எது சரியான முறை?

இதில் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. 1960-களில் அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருக்கும்போது பேச மறுக்கும் குழந்தைகள்கூடப் பேசத் தொடங்குவதைக் கவனித்து எழுதினார். ஆசியாவில் 1991-ல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 'டாக்டர் டாக்' திட்டத்தைத் தொடங்கினார். குணம் சோதிக்கப்பட்ட வீட்டு நாய்கள் உரிமையாளரோடு மருத்துவமனைகளுக்கும் இல்லங்களுக்கும் போய் வரும். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்து, சிறப்புக் குழந்தைகளின் பள்ளி உள்ளிட்ட இடங்களில் நடத்தியது.

பலன் இருக்கிறதா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. 10 நிமிடம் நாய், பூனைகளைத் தடவிக் கொடுத்தவர்களின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்திருந்தது. ஆனால் இது மருந்துக்கோ, பேச்சுப் பயிற்சிக்கோ, உளவியல் ஆலோசனைக்கோ மாற்று இல்லை. கூட ஒரு துணை, அவ்வளவுதான்.

முறையாகச் செய்தால் அது எப்படி இருக்கும்?

• விலங்கின் குணம் முன்கூட்டியே சோதிக்கப்பட்டிருக்கும். சத்தம், திடீர் அசைவு, சக்கர நாற்காலி எதற்கும் மிரளாததாக இருக்கும்.

• கால்நடை மருத்துவர் சான்று, தடுப்பூசி அட்டை, குடற்புழு நீக்கப் பதிவு கையில் இருக்கும்.

• விலங்கை அறிந்த கையாளுபவர் எப்போதும் பக்கத்திலேயே இருப்பார். சிகிச்சை என்றால் அந்தத் துறை நிபுணரும் இருப்பார்.

• நேரம் குறைவு. விலங்குக்கு ஓய்வு, தண்ணீர், விலகிப்போக இடம் உண்டு. கொட்டாவி, உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொள்வது போன்றவை நாய் சங்கடப்படும் அடையாளங்கள். அதைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள்.

• தொட விரும்பாத குழந்தையை யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

200 பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரே முயலைத் தூக்கி போட்டோ எடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்போ பிள்ளைகள் விலங்கை எங்கேதான் பார்ப்பது?

கொங்கு வட்டாரத்துக்கு இது பெரிய கேள்வியே இல்லை. கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சி சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து மேலே போனால் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் டாப்சிலிப். அருகே கோழிகமுத்தி யானை முகாம். காலாகாலமாக யானைகளோடு வாழும் மலசர் சமூகத்தைச் சேர்ந்த பாகன்கள் யானைக்குக் கவளம் கொடுப்பதை வனத்துறை ஏற்பாட்டில் தள்ளி நின்று பார்க்கலாம். ஊருக்குள் வரும் காட்டு யானைகளை விரட்ட நூறு முறைக்கும் அருகில் களமிறங்கிய கலீம் என்ற கும்கி, 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் வரிசையாக நின்று சல்யூட் அடித்தது இந்த முகாமில்தான்.

கோவை நகரிலேயே 1902-ல் உருவான காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. பாடம் செய்யப்பட்ட விலங்குகள், எலும்புக்கூடுகள், மர வகைகள். ஒரு விலங்கையும் தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

சிங்காநல்லூர், உக்கடம், சூலூர் குளங்களில் காலையில் ஒரு மணி நேரம் நின்றால் பத்து, இருபது வகைப் பறவைகள் கண்ணில் படும். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பள்ளி மாணவர்களும் கலந்துகொள்ளலாம். ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. மயிலைப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம், கிணத்துக்கடவில் காட்டு வேலியோரமே போதும். அது ஏன் தோட்டத்துக்கு வருகிறது, தக்காளிக்காரர் ஏன் அதைத் திட்டுகிறார், மயிலுக்கு ஏன் விஷம் வைக்கக் கூடாது என்று பேசினால், அதைவிடப் பெரிய வனவிலங்கு வகுப்பு கிடையாது.

பாம்பைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சுற்றுலாவில் சேர்த்துக்கொள்ளலாம். சென்னை கிண்டியில் 1972-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை இருக்கிறது. மாமல்லபுரம் சாலையில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை வளாகத்தில், 1978-ல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அரசு அனுமதியோடு பாம்பு விஷம் எடுக்கிறது. பிடித்த பாம்புகளைச் சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து தயாராகும் மருந்துதான் நம் ஊர் அரசு மருத்துவமனைக்கும் வருகிறது. இருளர் பாம்பு பிடிப்பாளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு மனிதனுக்கு என்ன செய்கிறது என்று சொல்ல இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

தொட்டுப் பழகத்தான் ஆசை என்றால், நம்ம காங்கேயம் கன்று இருக்கிறது, வெள்ளாட்டுக்குட்டி இருக்கிறது. ஊரில் ஒரு பெரியவரின் மாட்டுச்சாளைக்கு வகுப்பைக் கூட்டிப்போய், "வாங்க கண்ணு, கழுத்துல தடவிக் குடுங்க, பின்னாடி போய் நிக்கக் கூடாது" என்று அவரையே சொல்லவைத்தால் போதும்.

பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் கேட்க வேண்டியவை

1. என்னென்ன விலங்குகள்? இனப் பெயர்களை எழுதிக் கொடுப்பார்களா?

2. நம் நாட்டுக் காட்டு விலங்கு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி எங்கே?

3. வெளிநாட்டு இனம் என்றால் பரிவேஷ் பதிவுச் சான்று எங்கே?

4. வளர்ப்பு விலங்கு என்றால் தடுப்பூசி அட்டையும் கால்நடை மருத்துவர் சான்றும் எங்கே?

5. குழந்தையைக் கடித்தாலோ கீறினாலோ யார் பொறுப்பு? முதலுதவிக்கு என்ன ஏற்பாடு?

6. கை கழுவ சோப்பும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கிறதா?

7. ஒரு நாளைக்கு எத்தனை இடத்துக்கு இந்த விலங்கைக் கொண்டுபோகிறார்கள்? இடையில் அது எங்கே ஓய்வெடுக்கிறது?

இந்தக் கேள்விகளுக்கு "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்பதுதான் பதில் என்றால், பள்ளி சொல்ல வேண்டிய பதிலும் தெளிவு: வேண்டாம். சந்தேகம் இருந்தால் கோவை மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிடலாம். அப்படியே வனத்துறை அலுவலர் ஒருவரையே வகுப்பெடுக்க அழைக்கலாம்.

ஒரு விலங்கைக் கையில் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு போட்டோ கிடைக்கும். வேலியோரம் நின்று ஒரு மயில் தன் குஞ்சுகளை எப்படிக் கூட்டிப்போகிறது என்று அரை மணி நேரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தால், அந்தப் பிள்ளை நாளைக்கு அந்த வேலிக்குத் தீ வைக்க யோசிக்கும்.